மண்ணருளார் மண் தின்ன மறுத்த கதை

விடிவதற்குள், மண்ணருளார் என்ற சாமியாரின் வாசலில் தொடங்கிய வரிசை தெருமுனையைத் தாண்டிவிட்டது. ஆளுக்கொரு வாளி, வாளி நிறையச் சிவப்புத் தண்ணீர். சாயப்பட்டறைக்குப் பின்புறத் தெருக்களில் கிணறும் குழாயும் அந்த நிறம்தான்.

மண்ணருளார் கண்ணை மூடுவார், உதட்டை அசைப்பார், ஒரு பிடி மண்ணைப் போட்டுக் கலக்குவார். சற்று நேரத்தில் சிவப்பெல்லாம் அடியில் படிந்து மேலே தெளிந்த தண்ணீர் நிற்கும். மந்திரம் யாருக்கும் கேட்காது; கேட்காததால்தான் அது பெரிய மந்திரம்.

"அடியில நிக்கிற மண்ணுதான் அருள். தினம் ஒரு சிட்டிகை தின்னுங்க, நோய் அண்டாது" என்பார். அருளைத் திறந்த கூடையில் வைத்திருந்தார். காணிக்கைப் பெட்டிக்கு மட்டும் இரண்டு பூட்டு.

வரிசையில் ஒரு மாமியார், இரண்டு மருமகள்களோடு. இளையவள் மாசமாக இருந்தாள். மூத்தவளுக்குத் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. படிந்த மண்ணை மாமியார் இளையவள் வாயருகே கொண்டுபோக, மூத்தவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"விடும்மா. பிள்ளை நல்லா பொறக்கணும்."

"அதுக்குத்தான் பிடிச்சிருக்கேன் அத்தை." மண்ணருளாரிடம் திரும்பினாள். "ஒரு பிடி மண்ணு குடுங்க ஐயா. மந்திரத்துக்குப் பதிலா நான் திட்டிப் பாக்குறேன்."

கூட்டம் பார்த்துக்கொண்டிருந்ததால் அவரால் மறுக்க முடியவில்லை. "சோம்பேறி மண்ணே, உருப்படாத மண்ணே" என்று திட்டிக்கொண்டே அதை இன்னொரு வாளியில் போட்டுக் கலக்கினாள். தண்ணீர் தெளிந்தது. பிறகு தெருமண்ணை அள்ளி நீட்டினாள். "இதுக்கு நீங்க மந்திரம் சொல்லுங்க."

வியர்க்க வியர்க்கச் சொன்னார். சிவப்புத் தண்ணீர் சிவப்புச் சேறானது.

"அவர் வச்சிருக்கிறது மருந்தேத்தின களிமண் அத்தை. சாயக்கழிவைப் பிடிச்சு வச்சுக்கிறதுக்குன்னே தயாரிச்சு மூட்டையில விக்கிறாங்க. நல்ல மண்ணுதான். ஆனா பிடிச்ச விஷம் எங்க இருக்கும்? அடியில. அதைத்தான் தின்னச் சொல்றார்."

மாமியார் கையிலிருந்த மண்ணை மண்ணருளாரிடமே நீட்டினார்.

"நீங்க முதல்ல ஒரு சிட்டிகை போட்டுக்கோங்க சாமி."

"இன்னிக்கு விரதம்மா."

"சரி, நாளைக்கு வர்றேன்."

"நாளைக்கும் விரதம்."

யாரோ சிரித்தார்கள். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். மண்ணருளார் பெட்டியைத் தேடினார். அதன்மேல் மாமியார் சாவகாசமாக உட்கார்ந்திருந்தார்.

"அது கிடக்கட்டும்," என்றார் அவர். "தண்ணியில சாயத்தைக் கலந்து விடுறது யாரு?"

இத்தனை நாள் வரிசையில் நின்ற ஒருவருக்கும் தோன்றாத கேள்வி. தலையைக் குனிந்து கும்பிட்டது போதும் மக்களே, கொஞ்சம் நிமிர்த்திப் பாருங்கள்: பட்டறையின் கழிவுக் குழாய் கண்ணெதிரேதான் கொட்டிக்கொண்டிருக்கிறது.