வெள்ளிக்கிழமை வர வேண்டாம், மச்சான்

ஓடைப்பட்டி,
செவ்வாய்க்கிழமை.

கோம்பையில் இருக்கும் பெரிய மச்சான் திரு. மொக்கைச்சாமி அவர்களுக்கு, தங்கள் தங்கை மகாலட்சுமியின் வீட்டுக்காரன் ஈஸ்வரபாண்டி கும்பிட்டு எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் தங்கையும் கறவை மாடு இரண்டும் உடம்பளவில் சுகம். அங்கே தாங்களும் வீட்டில் உள்ளவர்களும் மனசளவிலும் சுகமாக இருக்க வீரபாண்டி கௌமாரியம்மன் துணை. போனில் பேசலாம்தான். என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுவீர்களே என்று, முப்பத்தொரு வருஷம் கழித்து இந்தக் கடிதம்.

விஷயம் இதுதான். நேற்று என் மகன் தங்கப்பாண்டி உங்களுக்குப் போன் போட்டு, வருகிற வெள்ளிக்கிழமை வீரபாண்டி கோயிலுக்கு வந்து தன்னை மடியில் வைத்துக் காது குத்த வேண்டும் என்று கேட்டானாம். நீங்கள் "பாப்போம்" என்றீர்களாம். அந்தப் "பாப்போம்" என் காதில் விழுந்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. அவனுக்கு வயது முப்பத்துநாலு. எடை எண்பத்தாறு கிலோ. தாடி வேறு. உங்களுக்கு மூட்டுவலி என்று கேள்வி. ஆகவே தயவுசெய்து வர வேண்டாம்.

பையனுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டதா என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன் மூன்று வார லீவில் வந்து, சின்ன வயதில் நடந்ததையெல்லாம் மறுபடி நடித்து, ஸ்டாண்டில் கேமராவை நிறுத்தி, தன்னைத் தானே போட்டோ எடுக்கிறான். அப்போது நாங்கள் ஒரு போட்டோகூட எடுத்து வைக்கவில்லையாம், அதனால் இப்போது எடுத்துக்கொள்கிறானாம். முதலில் பள்ளிக்கூடம் சேர்ந்த நாள். அதற்குக் காக்கி டவுசர் தைக்கப் போனால், தையல்கார சந்தனம்மாள் டேப்பைப் பிடித்தபடி, "இடுப்பு நாப்பது, நீளம் மட்டும் ஒண்ணாங்கிளாசா? நடந்தா கிழிஞ்சிரும்ல" என்று மூன்று முறை கேட்டிருக்கிறாள். மறுநாள் அந்த டவுசரோடு சிலேட்டை அணைத்துக்கொண்டு பள்ளிக்கூட வாசலில் நின்று இவன் அழ, உள்ளேயிருந்த பிள்ளைகள் பயந்துபோய் நிஜமாகவே அழ, ஹெட்மாஸ்டர் எனக்குப் போன் போட்டு, "ஒங்க பையனக் கூட்டிட்டுப் போங்க" என்றார். அவனைப் பற்றி அப்படி ஒரு புகார் வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது.

அதோடு விட்டானா? ஏழு வயதில் எங்கள் ஊர்ப் பேச்சிமுத்து தோட்டத்தில் திராட்சை திருடியதற்கு அவர் இவனைப் பந்தல் கல்தூணில் கட்டிவைத்தார். அதையும் எடுக்கிறேன் என்று போனான். தன்னைத் தானே கயிற்றால் கட்டிக்கொண்டு, ரிமோட்டைக் கை நழுவ விட்டுவிட்டு, ஒன்றரை மணி நேரம் கத்தியிருக்கிறான். ஊரே கூடிவிட்டது. பேச்சிமுத்து வேர்த்து விறுவிறுத்து என்னிடம் ஓடி வந்தார். "அண்ணே, அப்பக் கட்டுனது நான்தான், இல்லேங்கல. இப்பக் கட்டுனது சத்தியமா நானில்ல!"

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன் மச்சான். ஆனால் அடுத்தது காதுகுத்து என்றதும், "என் மடியிலேயே உக்காருடா" என்று சொல்லிப் பார்த்தேன். "இல்லப்பா, மாமா மடிதான். நல்லா ஞாபகம் இருக்கு. பச்சைக் கரை வேட்டி. நான் அழுதப்ப வாழைப்பழம் உரிச்சுக் குடுத்தாக" என்கிறான். அடுப்படிக்குப் போய் உங்கள் தங்கையிடம் கேட்டால், "நான்தான் அப்படிச் சொல்லி வளத்தேன். பெறந்த வீட்டு ஆளு ஒருத்தர் மடியாச்சும் எம்புள்ளைக்கு இருக்கட்டும்னு. வேற என்ன சொல்லச் சொல்றீக?" என்று வெங்காயத்தை வெட்டிக்கொண்டே கேட்டாள். நான் திரும்பி வந்துவிட்டேன்.

அன்றைக்குக் கோயிலில் நடந்தது உங்களுக்குத் தெரியும். பத்தேகாலோடு நல்ல நேரம் முடிகிறது என்று நான்தான் பறந்தேன். உங்கள் பஸ் வரவில்லை. பக்கத்தில் சும்மா நின்ற என் சித்தப்பா மகன் மடியில் பிள்ளையை வைத்து, ஆசாரியைக் குத்தச் சொல்லிவிட்டேன். பத்து நாற்பதுக்கு நீங்கள் பட்டுச்சட்டை, கடுக்கன், வாழைத்தாரோடு வந்து நின்றீர்கள். பிள்ளையின் காதைப் பார்த்தீர்கள். சீர்த்தட்டைக் கீழே வைத்துவிட்டு, அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிப் போய்விட்டீர்கள். தாய்மாமன் நேரத்துக்கு வரவில்லை என்று இன்றுவரை ஊரெல்லாம் சொல்லித் திரிகிறேன், மகன் காதில் மட்டும் எப்படியோ விழவில்லை.

உங்களுக்கும் தெரியாதது ஒன்று இருக்கிறது, மகாலட்சுமிக்கும் தெரியாது. அன்று வியாழக்கிழமை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து பார்த்தால், காலண்டரில் புதன்கிழமைத் தாள் கிழிக்காமல் தொங்குகிறது. பத்தேகால் என்று நான் பார்த்தது அந்தத் தாளில். கிழித்துப் பார்த்தேன். வியாழனுக்கு நல்ல நேரம் பத்தே முக்காலுக்குத்தான் ஆரம்பம். நீங்கள் ஐந்து நிமிஷம் முன்னாலேயே வந்திருக்கிறீர்கள், மச்சான். அதை எப்படிச் சொல்வது என்று யோசித்து யோசித்தே இத்தனை வருஷம் ஓடிவிட்டது. வெட்கமாக இருக்கிறது. வெள்ளிக்கிழமை நீங்கள் வந்து, அவன் ஏதாவது கேட்டு, நீங்கள் நடந்ததைச் சொன்னால், பெற்ற மகன் முகத்தில் நான் எப்படி முழிப்பேன்? மூட்டுவலி என்று ஒரு வார்த்தை சொல்லி நின்றுவிடுங்கள். உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.

வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம், உங்கள் முழங்காலுக்கு அம்மன் அருள்.

இப்படிக்கு,
தலை நிமிராமல் எழுதும்,
ஈஸ்வரபாண்டி

பி.கு.: இதை ஒட்டப் போகும்போது மகாலட்சுமி பிடுங்கி, மகனிடம் கொடுத்துச் சத்தமாகப் படிக்கச் சொல்லிவிட்டாள். படித்து முடித்ததும் அவள் எழுந்து, காலண்டரை ஆணியோடு பிடுங்கிக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். இன்னும் வெளியே வரவில்லை. தங்கப்பாண்டி கடிதத்தை மடித்து என் கையில் கொடுத்தான். அப்புறம், "அப்ப நான் மாமா மடியில உக்காந்ததே இல்லையாப்பா?" என்றான். இல்லை என்றேன். "அப்படின்னா இதுல நடிக்க ஒண்ணுமில்ல, இப்பத்தான் மொதத் தடவ. கேமராவை நீங்க பிடிங்க" என்கிறான். எனக்குக் கேமரா பிடிக்கத் தெரியாது. மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டதாக நினைத்து, அவசியம் வந்துவிடுங்கள் மச்சான். பஸ் எத்தனை மணிக்கு வந்தாலும் சரி, நீங்கள் உட்காரும்வரை ஆசாரியை ஊசி எடுக்க விடமாட்டேன்.