அலாஸ்கா கிழக்கே இருக்கிறதாம், மச்சான்!

ஸ்பிரூஸ் கோவ், மெயின் மாநிலம்
ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சுக்குப் போகாமல்

பெருமதிப்புக்குரிய மச்சான் லைல் அவர்களுக்கு,

உங்கள் தங்கை நேடினின் கணவன் எல்வுட் எழுதுவது. இங்கே நான், நேடின், நாய் மூவரும் சுகம். என் முதுகு மட்டும் சுகமில்லை, அதைப் பிறகு சொல்கிறேன். அங்கரேஜில் நீங்களும் அண்ணியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நீங்கள் அனுப்பிய புகைபோட்ட சால்மன் வந்து சேர்ந்தது. முக்கால்வாசியை நாய் தின்றுவிட்டதாக நேடினிடம் சொல்லியிருக்கிறேன். நாய் இதுவரை மறுத்துப் பேசவில்லை.

நிற்க. நீங்கள் குடியிருக்கும் மாநிலத்தால் என் குடும்பம் ஊரை விட்டுப் போகிற நிலைமைக்கு வந்திருக்கிறது. விவரமாகச் சொல்கிறேன், உட்கார்ந்து படியுங்கள்.

எங்கள் தெருவில் பனி தள்ளுகிற மெர்ட்டனை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஒரு புயலுக்கு ஒரு வீட்டுக்கு ஒரு தடவைதான் வருவான், மறுபடி கூப்பிட்டால் வண்டி ரேடியோவின் சத்தத்தைக் கூட்டிவிடுவான். யார் வாசல் பனியை முதலில் தள்ளுவது என்று எனக்கும் எதிர்வீட்டு ஹெஸ்டருக்கும் வருஷா வருஷம் நடக்கிற சண்டையும் உங்களுக்குத் தெரியும். நான் மெர்ட்டனுக்கு சிங்கி இறால் கொடுப்பேன், அவள் ஆப்பிள் பை பலகாரம் சுட்டுக் கொடுப்பாள், அவன் இரண்டையும் தின்றுவிட்டு மூன்றாவதாக ஒருவன் வீட்டில் ஆரம்பிப்பான். இந்த வருஷம் அவனுக்குப் பள்ளிக்கூட மைதானத்தைத் தள்ளுகிற வேலையும் கிடைத்துவிட்டது, விடியுமுன்பே வண்டியைக் கிளப்ப வேண்டும், சண்டைக்கு நேரமில்லை. ஆகவே தீயணைப்புக் கொட்டகையில் நடந்த பீன்ஸ் விருந்தில் எழுந்து நின்று, "சாப்பாடு முடிஞ்சதும் வினாடி வினா நடக்குதுல்ல? அதுல ஜெயிக்கிற வீடு இந்தக் குளிர்காலம் பூரா முதல்ல. இரண்டாவதா வர்ற வீடு கடைசில. இனிமே எவனாவது எனக்கு இறால் கொண்டாந்தா அவன் வாசல்லயே பனியைக் கொட்டிருவேன்" என்று சொல்லிவிட்டான். சொல்லும்போது என்னைத்தான் பார்த்தான்.

இதில் என்ன ஆபத்து என்றால், போன வருஷம் பனி வாரி என் முதுகு பிடித்துக்கொண்டபோது நான் போட்ட கூச்சலை நேடின் இன்னும் மறக்கவில்லை. "இந்த வருஷம் நீங்க மண்வெட்டியைத் தொட்டா நான் புளோரிடாவுக்குப் பெட்டி கட்டிருவேன். உங்களையும் சேர்த்துக் கட்டிருவேன்" என்று சொல்லி, அங்கே வயதானவர்கள் குடியிருக்கிற ஏதோ ஒரு காலனியின் படத்தைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியும் விட்டாள். படத்தில் ஒரு கிழவர் குட்டைக் கால்சட்டையுடன் சிரிக்கிறார். அவர் தொடைகளைப் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. மச்சான், நான் படகுக்காரன். என்னை நீச்சல் குளத்தோரம் உட்காரவைத்தால் ஒரு மாதத்தில் செத்துப்போவேன். ஜெயித்தே ஆக வேண்டும் என்று முடிவு செய்தேன்.

கேள்வி கேட்டவர் நூலகத்துக்குப் புதிதாக வந்திருக்கிற டெலஃபீல்ட், கனெக்டிகட்காரர். எல்லாக் கேள்வியும் நம் நாட்டு ஊர்களையும் மாநிலங்களையும் பற்றி. பதில் தெரிந்தால் மேஜையில் இருக்கிற மணியை அடிக்க வேண்டும். எங்கள் அணியில் நானும் நேடினும். விஷயம் தெரிந்தவள் அவள், மணி அடிப்பது நான். கென்டக்கியின் தலைநகரம் எது என்றார், நான் மணியை அடித்து லூயிவில் என்றேன், ஃப்ராங்க்ஃபர்ட்டாம். நேடின் மேஜைக்கடியில் என் காலை மிதித்தாள். லாஸ் ஏஞ்சலிஸுக்கும் மேற்கே நெவாடாவில் ஒரு நகரம் இருக்கிறது, எது என்றார். கொட்டகையே சிரித்தது, லாஸ் ஏஞ்சலிஸ் கடற்கரையில் அல்லவா இருக்கிறது! நேடின் மட்டும் ரீனோ என்றாள், சரியாம். ஒரே ஒரு மாநிலத்தை மட்டும் ஒட்டியிருக்கிற மாநிலம் எது என்றார், இருந்த மணியெல்லாம் ஒரே நேரத்தில் அடித்தது, ஏனென்றால் அது நாம்தான். இப்படியே போய்க் கடைசிக் கேள்விக்கு வரும்போது நாங்களும் ஹெஸ்டரும் சரிசமம். அவள் தனி ஆளாக ஓர் அணி. கூடச் சேர யாருக்கும் தைரியமில்லை.

டெலஃபீல்ட் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "அமெரிக்காவிலேயே கிழக்குக் கோடியில இருக்கிற மாநிலம்..." என்று ஆரம்பித்தார். மச்சான், நீங்களே சொல்லுங்கள். நம் ஊருக்குள் நுழைகிற இடத்தில் பலகை வைத்திருக்கிறோம், கிழக்குக் கோடிக்கு வருக என்று. கிழக்குக் கோடித் துணி வெளுப்பகம் இருக்கிறது. நம் கால்பந்து அணி எல்லோரிடமும் தோற்கிற அணி, அதற்கும் கிழக்குக் கோடி என்றுதான் பேர். நேடின் என் கையைப் பிடித்தாள், "பொறுங்க, ஏதோ வில்லங்கம் இருக்கு." நான் அடித்த அடியில் மணி கீழே விழுந்து உருண்டது. "மெயின்!" என்று கத்தினேன். கொட்டகை கைதட்டியது. எங்கள் சண்டையில் லாபம் பார்க்கிற அந்த மூன்றாவது வீட்டுக்காரன்கூட வந்து என் முதுகில் தட்டினான், வலித்தாலும் பொறுத்துக்கொண்டேன்.

"தப்பு" என்றார் டெலஃபீல்ட்.

ஹெஸ்டர் வாயிலிருந்த ரொட்டியை நிதானமாக மென்று முடித்து, தண்ணீர் குடித்து, வாயைத் துடைத்து, "அலாஸ்கா" என்றாள்.

அதற்குப் பிறகு நடந்தது கலவரம். அந்த மனுஷர் ஒரு பூசணிக்காயை மேஜைமேல் வைத்து, மைப்பேனாவால் கோடு போட்டு விளக்கம் சொன்னார்: உங்கள் மாநிலத்துக்கு வால் மாதிரி ஒரு தீவுக்கூட்டம் மேற்கே போகிறதாம், போகிறதாம், போய்க்கொண்டே இருந்து பூமியைக் கிழக்குப் பாதி, மேற்குப் பாதி என்று பிரிக்கிற கோட்டைத் தாண்டிவிடுகிறதாம், தாண்டிவிட்டால் வரைபடக் கணக்கில் அது கிழக்காம். நான் எழுந்தேன். "ஐயா, என் வீட்டுக் கொல்லைப்பக்கமா மேற்கே நடந்து, உலகத்தைச் சுத்தி, வாசல் பக்கமா ஹெஸ்டர் வீட்டுக்குள்ள நுழைஞ்சா அது என் வீடாயிருமா?" என்று கேட்டேன். "நுழைஞ்சு பாரேன், தெரியும்" என்றாள் ஹெஸ்டர். "நீ மேற்கே போறவன் இல்லடா எல்வுட், மணியைக் கண்டா மூளையை விட்டுட்டு ஓடுறவன்." கொட்டகை இதற்கும் கைதட்டியது. இவர்களுக்குக் கைதட்டக் காரணமே வேண்டாம்.

 வீட்டுக்கு வந்ததும் நேடின் குளிர்பெட்டிக் கதவிலிருந்த படத்தை நேராக்கி வைத்தாள். அவ்வளவுதான்.

ஆனால் நான் விடப்போவதில்லை, மச்சான். அடுத்த வார வியாழக்கிழமை விருந்துக் கமிட்டி கூடுகிறது. மெயின்தான் கிழக்குக் கோடி, மணியை முதலில் அடித்த எனக்கே வெற்றி என்று மனு எழுதி, முதல் கையெழுத்தை நானே போட்டு, மளிகைக்கடை கல்லாப்பெட்டி பக்கத்தில் தொங்கவிட்டிருக்கிறேன். கூடவே அலாஸ்காவாசி ஒருவரின் சாட்சி இருந்தால் எவனும் வாய் திறக்க முடியாது. நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. 'நாங்கள் கிழக்கே இல்லை, ஒருநாளும் இருந்ததில்லை, இருக்கிற ஆசையும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டு, அவசரத் தபாலில் அனுப்புங்கள். எங்களுக்கு மத்தியானச் சாப்பாடு ஆகும்போது உங்களுக்கு அப்போதுதான் காலைக் காப்பி என்பதையும் சேருங்கள். கிழக்கு என்றால் சூரியன் அங்கே முதலில் வர வேண்டாமா? மெயினிலிருந்து ஒருவன் கிழக்குக் கோடி என்ற பட்டத்தை அலாஸ்காவுக்குப் பறிகொடுத்தான் என்று என் கல்லறையில் எழுதும்படி செய்துவிடாதீர்கள். அதிலும் அந்தக் கல்லறை புளோரிடாவில் இருந்துவிட்டால், கேட்கவே வேண்டாம்.

அண்ணிக்கு என் வணக்கம். கர்த்தர் உங்கள் வீட்டு அடுப்பை அணையாமலும், உங்கள் வலைகளைக் கிழியாமலும், உங்கள் பேனாவை உலராமலும் காப்பாராக.

தங்கள் அன்பும் உறுதியும் குறையாத மைத்துனன்,
எல்வுட்

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தை மேல்கோட்டுப் பையில் வைத்தவன் தபாலில் போட மறந்துவிட்டேன். கர்த்தர் பெரியவர். நேற்று மாலை முதல் பனி பிடித்தது. இன்று விடியுமுன்பே மெர்ட்டன் வந்து ஹெஸ்டர் வாசலை வழவழவென்று தள்ளிவிட்டுப் போனான், நான் ஜன்னலில் நின்று பல்லைக் கடித்தேன். அவன் போனபிறகுதான் பனி வேகமெடுத்தது. காலைச் சாப்பாடு தாண்டியும் கொட்டித் தீர்த்தது. ஹெஸ்டரின் கார் கண்ணாடிவரை புதைந்துவிட்டது. அதற்குமேல் ஊராட்சி வண்டி வேறு சாலைப் பனியை அவள் வாசல் முகப்பில் குவித்துவிட்டுப் போனது. அவள் மெர்ட்டனைக் கூப்பிட்டாள், அவன் ரேடியோவைக் கூட்டினான். பள்ளிக்கூட மைதானம் எல்லாம் முடித்து, பனியும் நின்று, வெயிலும் வந்தபிறகு, கடைசி வீடாக எங்கள் வாசலுக்கு வந்து தள்ளினான். ஒரு துளி மிச்சமில்லை. நான் செருப்போடு நின்று காப்பி குடித்தேன். நேடின் எட்டிப்பார்த்து, "ஏங்க, நம்ம கல்யாணத்துக்கும் நீங்கதானே கடைசியா வந்தீங்க? அதுல இப்படி ஒரு சூட்சுமம் இருக்குன்னு அப்பவே சொல்லியிருக்கலாம்ல" என்றாள். அந்தத் தொடைக்காரக் கிழவர் அடுப்புக்குள் போய்விட்டார்.

ஆகவே மேலே எழுதியது எதையும் செய்ய வேண்டாம். அதற்கு நேர்மாறாகச் செய்யவும். அலாஸ்காதான் கிழக்குக் கோடி, குழந்தை முதல் கிழவர் வரை அங்கே எல்லோருக்கும் தெரியும், டெலஃபீல்ட் ஒரு மேதை, ஹெஸ்டருக்குத்தான் வெற்றி, குளிர்காலம் முழுவதும் முதலிடம் அவளுக்கே என்று எழுதி, அந்த வியாழக்கிழமைக்குள் கமிட்டிக்குக் கிடைக்கும்படி அனுப்புங்கள். மிகவும் அவசரம். ஹெஸ்டர் இடுப்பளவுப் பனியில் நீந்தி மளிகைக்கடைக்குப் போய், மெயின்தான் கிழக்குக் கோடி என்ற மனுவுக்கு ஊர் முழுக்கக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறாள். அதில் முதல் கையெழுத்து யாருடையது என்பதை மட்டும் நீங்கள் கண்டுகொள்ள வேண்டாம்.