பொடிசுக்கு அவரைப் பிடிக்கவில்லை

தொம்!

பேக்கரி மாஸ்டர் மேகத்திலிருந்து கீழே விழுந்தார். கனவில் அவர் பிசைந்த மாவு உப்பி, ஜன்னல் வழியே வெளியேறி, வானத்தில் மிதந்துகொண்டிருந்தது. அதன்மேல் அவர் காலை நீட்டிப் படுத்த நேரம் பார்த்துத்தான் இந்தச் சத்தம். கண்ணைத் திறந்தால் கட்டிலோரத்தில் பொடிசு. மகள் வளர்க்கும் குள்ள ரக முயல்; முழுசாக வளர்ந்தும் ஒரு ரொட்டி அளவுதான் இருக்கும். காதை நிமிர்த்தி, கண்ணை உருட்டி, பின்னங்காலால் தரையில் இன்னொரு முறை ஓங்கி அடித்தது.

தொம்!

"உனக்கு நான் என்ன பாவம் பண்ணேன்?" என்றார் மாஸ்டர்.

அவர் எழுந்து உட்கார்ந்ததும் அது ஒன்றும் தெரியாத சாதுபோல் புல்லைக் கொறிக்கப் போய்விட்டது.

மேல்படிப்புக்கு வெளியூர் போகும்போது மகள் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். "அப்பா, இந்த ரகமே பயந்த சுபாவம். தூக்கினா பிடிக்காது. முக்கியமா, சத்தம் ஆகவே ஆகாது." அன்றிலிருந்து மனிதர் வீட்டுக்குள் பூனை நடைதான். டம்ளரில் கரண்டி படாமல் டீ கலக்கினார். தும்மல் வந்தால் தலையணைக்குள் தும்மினார். இதற்கு மேல் ஒரு மனுஷன் என்னதான் செய்வான், சொல்லுங்கள்?

அவருக்கு ராத்திரி வேலை. காலையில் அவர் உள்ளே நுழையும்போது மனைவி தபால் அலுவலகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருப்பாள். சாவி கைமாறும், "சாப்பாடு மூடி வெச்சிருக்கேன்" என்பாள். லீவு நாளிலும் அவருக்கு ராத்திரி தூக்கம் வராது, மொட்டை மாடியில் உலாத்துவார். கல்யாணமான நாளிலிருந்து இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தூங்கியதே இல்லை. அப்புறம் மகள் எப்படி என்று கேட்காதீர்கள்; தூங்கியதில்லை என்றுதான் சொன்னேன்.

முதலில் தரையெங்கும் கம்பளி விரித்துப் பார்த்தார். பொடிசு தேடிப்பிடித்து ஒரு காலித் தகர டப்பாவின்மேல் ஏறி நின்று அடித்தது. அதைக் கூண்டில் அடைத்துச் சமையலறையில் வைத்தார். அங்கே கம்பியை உலுக்கியதில் பாத்திரங்கள் உருண்டன. காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு மல்லாந்து படுத்தார். அன்று அது கட்டில்மேலேயே தாவி, அவர் நெஞ்சில் ஓர் உதை விட்டது. சரி, சமாதானமாகப் போகலாம் என்று தூக்கிக் கொஞ்சினார். கையெல்லாம் கீறல்.

"என் காலைச் சுத்திச் சுத்தி ஓடுது, மடியில சாஞ்சு படுத்துக்குது" என்றாள் மனைவி. "உங்களைக் கண்டாத்தான் ஆகல. போன ஜென்மத்துப் பகையோ என்னமோ!"

"பெத்த பொண்ணு மாதிரி பாத்துக்கிறேன்டி!"

தூக்கமில்லாத மாஸ்டர் நின்றுகொண்டே கனவு காண ஆரம்பித்தார். மாவுத் தொட்டிக்குத் தன் சால்வையைப் போர்த்தி, "தூங்குடா ராஜா, நீயாவது தூங்கு" என்று தட்டிக்கொடுத்தார். ஈஸ்டை மறந்தார். முதலாளி ஒரு பன்னை எடுத்து மேசையில் தட்டிக் காட்டினார்.

"மாஸ்டர், இது பன்னா, செங்கல்லா? இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா நான் வேற ஆளைப் பாத்துக்கிறேன்."

வேறு வழியில்லை. கால்நடை மருத்துவர் நல்ல வீடாகப் பார்த்துக் கொடுத்துவிடுவதாகச் சொன்னார். மகளுக்குப் போன் போட்டுச் சொன்னார். "உங்க வேலைதான் முக்கியம்ப்பா" என்று மூக்கை உறிஞ்சினாள். மாஸ்டருக்கும் மனசில்லை. பொடிசின் குட்டி மூக்கு துடிப்பதைப் பார்த்துக்கொண்டே டீ குடிப்பது அவருக்குப் பழகிவிட்டது. நமக்குப் பிடித்ததற்கு நம்மைப் பிடிக்காமல் போவது இருக்கிறதே, அது தனி வலி.

மருத்துவமனையில் ஒரே கூட்டம். பெஞ்சில் உட்கார்ந்து பொடிசின் கூடையைக் காலடியில் வைத்து, கடைசியாக ஒருமுறை பார்க்கலாமென்று மூடியைத் திறந்தார். மின்விசிறி மெதுவாகச் சுற்றியது. சுவர் கொஞ்சம் கொஞ்சமாக மாவாகி உப்பியது, ஜன்னலைத் தாண்டியது, வானத்தில் ஏறியது. இந்த முறை மேகத்தில் பொடிசும் இருந்தது, அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

தொம்!

விழித்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களெல்லாம் எதிர்ச் சுவரோரம் நின்றார்கள். ஒரு பூனை அலமாரி உச்சியில் இருந்தது. கன்றுக்குட்டி உயரத்துக்கு ஒரு நாய், மூலையிலிருந்த பெஞ்சுக்கடியில் சுருண்டு நடுங்கியது. பொடிசு மட்டும் கூடையை விட்டு வெளியே வந்து, அவர் பாதத்தோடு ஒட்டி நின்று, உடம்பெல்லாம் வெடவெடக்க மறுபடியும் காலை ஓங்கியது.

சத்தம் கேட்டு டாக்டரம்மா உள்ளேயிருந்து ஓடிவந்தார்.

"பாத்தீங்களா டாக்டர்!" மாஸ்டருக்கு அழுகையே வந்துவிட்டது. "இங்க வந்தும் என்னை விடமாட்டேங்குது. இதுக்கு அப்படி என்னதான் கோபம் என்மேல?"

டாக்டரம்மா பொடிசைப் பார்த்தார், பெஞ்சுக்கடியில் இருந்த நாயைப் பார்த்தார்.

"கோபமா? நீங்க விட்ட குறட்டையில இவ்ளோ பெரிய நாயே பயந்து ஒளிஞ்சிருக்கு சார்; இந்தப் பொடிசு மட்டும்தான், ஏதோ மிருகம் உங்களைத் திங்க வந்திருக்குன்னு நெனச்சு, ஓடிப்போகாம உங்களை எழுப்பிக்கிட்டு நிக்குது!"