பேசா அறையில் நாற்பது நிமிடம்

அனுப்புநர்: உங்கள் அக்கா மகள், துணி அலமாரி, கீழ்த்தட்டு.
பெறுநர்: சித்தி அவர்கள், ஹால், ஜன்னலோரக் கட்டில்.
பொருள்: ஆய்வகத்துப் பேசா அறையில் பேசிவிட்டது தொடர்பாக.

மதிப்பிற்குரிய சித்திக்கு,

வணக்கம். நான் நலமாக இல்லை. நீங்கள் இந்த நிமிடம் வரை நலமாகத்தான் இருக்கிறீர்கள் என்று தெரிகிறது, ஏனென்றால் லேப்டாப்பைத் தட்டும் சத்தமும் நடுவில் கொட்டாவி விடும் சத்தமும் இங்கே வரை கேட்கின்றன. நாளைக் காலை பத்து மணிக்குப் பிறகும் நீங்கள் நலமாக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் கடிதம்.

இதை முதலில் குளியலறையில் உட்கார்ந்துதான் எழுத ஆரம்பித்தேன். ஆனால் அங்கே சுவர் முழுக்க ஓடு. பேனா மூடியைத் திறந்ததே பட்டாசு மாதிரி கேட்டது. பயத்தில் ஒரு விக்கல் வர, அந்த விக்கல் நாலு சுவரிலும் மோதி நாலு விக்கலாகத் திரும்பி வர, அம்மா எழுந்து "யாருடி அங்க?" என்றாள். பிறகுதான் துணியைச் சத்தம் விழுங்க வைக்கிற உங்கள் தொழில் ஞாபகம் வந்து துணி அலமாரிக்கு மாறினேன். அப்பாவின் ஸ்வெட்டர், இரண்டு போர்வை, குளிர்காலக் கோட்டு எல்லாம் என்னைச் சுற்றித் தொங்குகின்றன. இப்போது விக்கினாலும் ஒரே ஒரு விக்கல்தான், அதுவும் பாதி. வாயில் டார்ச்சைக் கடித்துக்கொண்டு எழுதுவதால் கையெழுத்தை மன்னிக்கவும்.

முதலில் நன்றி சொல்ல வேண்டும். கெட்ட செய்தியைப் படித்த பிறகு என் நன்றியை வாங்கிக்கொள்ளும் மனநிலையில் நீங்கள் இருப்பீர்களோ இல்லையோ. எனக்கு வார்த்தை தொண்டையில் சிக்கும் என்பது ஊருக்கே தெரியும். வகுப்பில் என் பட்டப்பெயர் 'பழைய மோட்டார்'. வீட்டில் யாரும் கேலி செய்ய மாட்டார்கள், உதவி செய்வார்கள், அது அதைவிட மோசம். "எனக்குத் த... த..." என்று ஆரம்பித்தால் போதும், அம்மா ஓடிப் போய்த் தண்ணீர் கொண்டு வருவாள். நான் சொல்ல வந்தது தலைவலி. கொண்டு வந்தவள் மனம் நோகக் கூடாதே என்று குடித்துவிடுவேன். இப்படி எனக்கு வேண்டாத தண்ணீரை நான் குடித்த அளவுக்கு ஆய்வகத்தில் நீங்கள் நனைத்துப் பார்க்கிற பஞ்சுக் கூம்புகள்கூடக் குடித்திருக்காது. நீங்கள் எங்களோடு தங்க வந்து ஏழு மாதம் ஆகிறது. இந்த ஏழு மாதத்தில் ஒரு தடவைகூட என் வார்த்தையை நீங்கள் முடித்துவைத்ததில்லை. கடிகாரத்தைப் பார்த்ததில்லை, 'ம், ம்' என்று அவசரப்படுத்தியதில்லை. வார்த்தை வரும்வரை கரண்டியைப் பிடித்தபடி சும்மா நிற்பீர்கள், ஒரு நாள் அடுப்பில் பாலே பொங்கி வழிந்துவிட்டது. அந்தப் பாலுக்கும் சேர்த்து நன்றி.

இனி சனிக்கிழமைக்கு வருகிறேன். அம்மாவும் அப்பாவும் வெளியூர் போனதால் என்னை ஆய்வகத்துக்குக் கூட்டிப் போனீர்கள். அங்கே நீளமான இரும்புக் குழாய்க்குள் பஞ்சுத் துண்டுகளை வைத்து நாள் முழுக்க ஒலி அனுப்பிக்கொண்டிருந்த குழாய் அண்ணன், "பாப்பா, சண்டையே வராத குழாயடி உலகத்துலயே இது ஒண்ணுதான்" என்று சொல்லிச் சிரிக்க வைத்தார். அவர் போன மாதம் ஒரு கருவியைக் கீழே போட்டு உடைத்ததும், "இன்னொரு தடவை தப்பு நடந்தா பெரியவர் என்னை வீட்டுக்கு அனுப்பிடுவாரு" என்று ஆய்வகத் தலைவரை நினைத்து அவர் உங்களிடம் முனகியதும் என் காதில் விழுந்தன. பிறகு பேசா அறையைத் திறந்து காட்டினீர்கள். ஐஸ் பெட்டி மாதிரி தடித்த கதவு. சுவர், கூரை, தரை எங்கும் ஆள் நீளக் கூம்புகள். நடப்பதற்கு, கீழே இருக்கும் கூம்புகளுக்கு மேல் கட்டிய கம்பி வலை. மூன்று சுவரில் பழைய சாம்பல் நிறக் கூம்புகள். நாலாவது சுவர் உங்களுடையது. தையல்கடையில் வெட்டி வீசிய துணியை அரைத்து நீங்கள் மூன்று வருடமாகச் செய்த நீலக் கூம்புகள். "இங்க சத்தம் உள்ள போகும், ஆனா திரும்பாது. பேசிப் பாரு" என்றீர்கள். "நான் இங்க இருக்கேன்" என்றேன். அவ்வளவுதான் சித்தி. 'நா நா' இல்லை, 'இ இ' இல்லை. வழுக்குத் தரையில் விட்ட கோலிக்குண்டு மாதிரி ஒரே ஓட்டமாகப் போய்விட்டது. நீங்கள் அதைக் கவனிக்கவில்லை, ஒரு கூம்பின் நுனியில் நூல் பிரிந்திருக்கிறது என்று திட்டிக்கொண்டிருந்தீர்கள்.

அதன்பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நீலக் கூம்புகள் ஈரத்தில் எவ்வளவு தண்ணீர் குடிக்கின்றன, குடித்த பிறகு ஒலியைக் குடிக்க மறந்துவிடுகின்றனவா என்று பார்க்க நீங்கள் பக்கத்துக் கட்டிடத் தொட்டிக்குப் போனீர்கள். "வீட்டுப்பாடம் எழுது. உள்ள போகாதே" என்றீர்கள். குழாய் அண்ணன் பேசா அறைக்குள் ஏதோ செய்துவிட்டு வந்து, கதவைச் சாத்தி, வெளியே இருந்த பெட்டியில் எதையோ தட்டிவிட்டு, "இன்னும் கால் மணியில தானா ஓடும்" என்று முனகிக்கொண்டே சாப்பிடப் போனார். நான் வீட்டுப்பாடம் எழுதினேன், இரண்டு வரி. பிறகு கதவைத் தள்ளினேன். கம்பி வலை கீழே விழுந்துவிடுமோ என்று பயந்து தவழ்ந்து போனேன். வழியில் ஒரு ஒயர் காலில் மாட்டி, உள்ளே மூலையில் இருந்த சின்னப் பெட்டியிலிருந்து கழன்றுவிட்டது. பெட்டியில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு துளைகள் இருந்தன. எது நன்றாக இறுக்கிப் பிடித்ததோ அதில் பத்திரமாகச் செருகிவிட்டேன். அந்த ஒயர் விஷயத்தில் நீங்கள் கவலைப்பட ஒன்றுமே இல்லை. கவலை இனிமேல்தான் வருகிறது.

நடுவில் ஒரு கம்பியின் உச்சியில் விரல் தடிமனுக்குக் கருப்பாக ஒன்று நின்றது. பள்ளிக்கூட மைக் என்றால் தேங்காய் அளவு இருக்கும், நாலு தட்டுத் தட்டினால்தான் வேலை செய்யும். அதனால் இது காய்ச்சல் பார்க்கிற கருவி மாதிரி ஏதோ ஒன்று என்று நினைத்து, அதையே எதிரே நிற்கிற ஆளாக வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தேன். முதலில் அது கடைக்காரர். எப்போதும் விரலை நீட்டியே வாங்குகிற நான், "அண்ணா, கால் கிலோ சர்க்கரை, ரெண்டு சோப்பு, ஒரு தீப்பெட்டி, மீதிச் சில்லறை" என்று ஒரே மூச்சில் கேட்டேன். ருசி கண்ட பூனைதானே, விடவில்லை. உண்மைக் கடையாக இருந்தால் அலமாரியே காலியாகியிருக்கும். பிறகு அது என் வகுப்பு, பாடத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசித்தேன். பிறகு எனக்குப் பட்டப்பெயர் வைத்தவளைப் பிடித்து உண்டு இல்லை என்று ஆக்கினேன். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை எங்கிருந்தோ 'டொக்' என்று ஒரு சத்தம் வந்தது. அறையே எனக்கு 'ம்' கொட்டுகிறது என்று நினைத்தேன். 'ம்' கொட்டினால் யாருக்குத்தான் பேச்சு நிற்கும்? வீட்டுக் கதையெல்லாம் வந்துவிட்டது. உள்ளே போனது திரும்பாது என்று நீங்கள்தானே சொன்னீர்கள். கிணற்றில் போட்ட கல் என்று நம்பித்தான் எல்லாவற்றையும் போட்டேன்.

இன்று இரவு சாப்பாட்டில்தான் என் தலையில் இடி விழுந்தது. அப்பா "நாளைக்கு என்னம்மா விசேஷம்?" என்று கேட்க, நீங்கள் "சனிக்கிழமை அந்த ரூம்ல ரெண்டு மணி நேரம் பதிவு பண்ணோம் மாமா. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை ஒரு 'டொக்' விடுவோம். அது என் சுவத்துல பட்டுத் திரும்பி வருதான்னு நடுவுல குச்சி மாதிரி ஒரு மைக் கேட்டுக்கிட்டே இருக்கும். நாளைக்குப் பத்து மணிக்குப் பெரியவரும் வெளியிலிருந்து நாலு பேரும் உக்காந்து கேக்கப் போறாங்க. பிடிச்சிருந்தா மொத்த அறையும் என் கூம்புதான்" என்றீர்கள். அம்மா, "ஒண்ணுமே இல்லாததைக் கேக்க நாலு பேர் பஸ் ஏறி வராங்களா?" என்றாள். ஒண்ணுமே இல்லாததாக இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். "த..." என்றேன். தண்ணீர் வந்தது.

ஆகவே சித்தி, அவர்கள் முன்னால் திடுக்கிடாமல் இருக்க, அந்தப் பதிவில் என்னவெல்லாம் இருக்கிறது என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அம்மா உங்கள் கூம்புகளைப் பற்றி, "தையல்கடைக் குப்பையைக் கட்டிக்கிட்டு அழறா" என்று பக்கத்து வீட்டில் சொன்னது இருக்கிறது. அதே அம்மா அடுத்த நாள் அதே வீட்டில், "என் தங்கச்சி கண்டுபிடிச்சது, வெளிநாட்டுக்காரன்லாம் கேக்கறான்" என்று சொன்னதும் இருக்கிறது. ஆனால் அதைத் தணிந்த குரலில் சொன்னேன், மைக்கில் விழுந்திருக்குமோ தெரியாது. நீங்கள் ஆசையாக அப்பாவுக்குக் கொடுத்த மாதிரித் துண்டு இப்போது ஸ்கூட்டர் இருக்கையின் கீழ் இருக்கிறது. ஊதிப் பார்த்தால் மறுபக்கம் காற்று வருகிற பொருள்தான் ஒலியைக் குடிக்கும் என்று நீங்கள் சொன்ன நாளிலிருந்து நான் வீட்டிலுள்ள எல்லாவற்றையும் ஊதிப் பார்த்தேன். அம்மா பார்த்துவிட்டு "சோபாவுக்கு எதுக்குடி முத்தம் குடுக்கறே?" என்றாள். அதுவும் இருக்கிறது. காணாமல் போன உங்கள் நீல டம்ளர் காணாமல் போகவில்லை, உடைந்தது, உடைத்தது நான். உங்கள் பெரியவர் பேசுவதை, வாயைப் பொத்திய ஒலிபெருக்கி பேசுகிற மாதிரி நடித்தும் காட்டியிருக்கிறேன். மைக்குக்குக் கண் கிடையாது என்றாலும் சத்தம் அசல். கடைசியாக, நீங்கள் தனி வீடு பார்க்கிறீர்கள் என்று தெரிந்ததிலிருந்து நான் தினமும் வேண்டிக்கொள்வது இருக்கிறது. என்ன வேண்டிக்கொள்கிறேன் என்பதை இங்கே எழுத மாட்டேன். வீடு கிடைக்கக் கூடாது என்றுதான்.

இவற்றையெல்லாம் பதிவிலிருந்து வெட்டிவிட முடியுமானால் வெட்டிவிடுங்கள். முடியாவிட்டால், 'இது என் அக்கா மகள், சனிக்கிழமை மட்டும் இப்படிப் பேசுவாள்' என்று சொல்லிவிடுங்கள். குடித்த ஒலியெல்லாம் கூம்புக்குள் துளியூண்டு சூடாக மாறிவிடும், ஒரு வகுப்பே நாள் முழுக்கக் கத்தினாலும் ஒரு டம்ளர் டீ சூடாகாது என்றீர்களே, அப்படியானால் என் நாற்பது நிமிடத்தால் உங்கள் சுவருக்கு ஒரு சேதமும் வந்திருக்காது. ஆனால் எனக்கு அந்தச் சூடு இன்னும் ஆறவில்லை. என் குரல் தடுக்காமல் ஓடினால் எப்படி இருக்கும் என்று பன்னிரண்டு வயதில் முதல் தடவையாகக் கேட்டுவிட்டேன். நாளை நீங்கள் என்னைத் திட்டினாலும், ஆய்வக வாசலிலேயே இனி சேர்க்காவிட்டாலும், அதற்காக உங்களுக்கு நான் என்றும் கடமைப்பட்டவள்.

உங்கள் கூம்புகள் ஈரம் படாமல், நூல் பிரியாமல் நூறு வருடம் வாழட்டும். குழாய் அண்ணனுக்கு என் வணக்கம். பெரியவருக்கு நாளை ஒரு நாள் மட்டும் தொண்டை கட்டிக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
தங்கள் சொல்லைத் தட்டாத (சனிக்கிழமை தவிர),
அக்கா மகள்.

பி.கு.: கடிதத்தை மடித்துக்கொண்டு அலமாரிக் கதவைத் திறந்தேன். நீங்கள் அப்போதுதான் பதிவைத் திறந்து பார்த்துவிட்டுக் குழாய் அண்ணனிடம் போனில் பேசிக்கொண்டிருந்தீர்கள். "டேய், பதிவு பூரா வெறும் கோடுடா. ரெண்டு மணி நேரமும் நூல் பிடிச்ச மாதிரி கோடு. ஒரு 'டொக்'கூட விழல. இப்படி வந்திருக்குன்னா நீ ஒயரை வேற ஓட்டையில சொருகி வச்சிருக்கே... நீ சொருகலன்னா பேயா வந்து சொருகிச்சு?... சரி, சரி, அழாதே. நான் ஆறு மணி பஸ்ல கிளம்பறேன், நீ காலையில ஏழரைக்கு வா, பத்துக்குள்ள மறுபடி எடுத்துடலாம். ஆனா பெரியவர் கேட்டா நான் பொய் சொல்ல மாட்டேன்டா."

ஆக, மேலே எழுதிய எதுவும் எங்கேயும் பதிவாகவில்லை. அறை சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டது. நாற்பது நிமிடத்தையும் ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் விழுங்கிவிட்டது. உலகத்தில் அதற்கு இருக்கிற ஒரே சாட்சி என் கையில் இருக்கும் இந்தக் கடிதம்தான், நானே உட்கார்ந்து டம்ளர் வரை எழுதி வைத்திருக்கிறேன். கிழித்துப் போட்டால் முடிந்தது. கிழிக்கத்தான் போனேன். ஆனால் ஒயரைச் செருகியது நான். அழுகிறவர் குழாய் அண்ணன்.

அதனால் இதை உங்கள் செருப்புக்குள் வைக்கிறேன், இதைப் பார்க்காமல் நீங்கள் வீட்டை விட்டுப் போக முடியாது. நான் கதவோரம் நிற்பேன். படித்த மாதிரி காட்டிக்கொள்ளாதீர்கள். முதலிலிருந்து நானே வாயால் சொல்கிறேன். ஆறு மணி பஸ் போகட்டும் சித்தி, ஆறரைக்கு ஒன்று இருக்கிறது. அரை மணி எனக்குப் போதும். அம்மா தண்ணீரோடு வந்தால் மட்டும் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள்.