பிறேக் பைப்பும் பெரிய மச்சானும்

சிமியோனின் கராஜ் வாசலை இனி உயிர் உள்ளவரை மிதிப்பதில்லை என்று கிறகோரி எட்டு மாதத்துக்கு முன் சபதம் எடுத்தார். சிமியோன் அவருடைய மனைவி றெஜினாவின் சொந்த அண்ணன். செய்த குற்றம் லேசானதல்ல. கிறகோரியை விட இரண்டு வயது மூத்த அவருடைய காரைப் பார்த்து, "மச்சான், உந்தக் காரைப் பழைய இரும்புக்குப் போடும்" என்று சொல்லிவிட்டார். கிறகோரியைப் பற்றிச் சொல்லியிருந்தால் கூடப் பொறுத்திருப்பார்.

இப்போது மகள் சுவர்ணாவுக்குச் சனிக்கிழமை கலியாணம். அந்தக் காரில்தான் மகளைக் கோயில் வாசலில் இறக்குவேன் என்று கிறகோரி குருநகர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். உப்புக்காற்றுக்கு அது தெரியவில்லை. பின்சில்லுக்குப் போகும் பிறேக் பைப்பைத் தின்று தீர்த்துவிட்டது.

"அண்ணையிட்டைக் கொண்டுபோங்கோ. அப்பிடியே கலியாணத்துக்கும் சொல்லிப்போட்டு வாங்கோ," என்றாள் றெஜினா. "தாய்மாமன் இல்லாமல் பிள்ளையைக் கோயிலுக்கு அனுப்பினால் எனக்கு மனம் ஆறாது."

"கார்ட்டைத் தபாலிலை போடும். பைப்பை நானே செய்வன்."

"உங்களுக்குச் செய்யத் தெரியுமே?"

"யூரியூப்பிலை மூண்டு வீடியோ பாத்திட்டன்."

றெஜினா அதற்குமேல் ஒன்றும் கதைக்கவில்லை. இருபத்தாறு வருடக் குடித்தனத்தில் அது ஒருநாளும் நல்லதுக்கு அல்ல. கிறகோரிக்கு அன்றைக்கு அது உறைக்கவில்லை.

உதிரிப்பாகக் கடையில் கிறகோரி புதுப் பைப்பும் அதைப் பூட்டத் தேவையான கருவியும் கேட்டார். கடைக்காரர் இரண்டு பிளேறிங் ரூலை எடுத்து வைத்தார். பைப்பின் வாயைப் புனல் போல விரிக்கிற கருவி அது.

"இது விலை குறைவு அண்ணை. ஒருக்கால்தான் விரிக்கும். ஏசி பைப்புக்குச் சரி. பிறேக்குக்கு வாயை உள்ளுக்கு மடிச்சு இரட்டையா விரிக்கோணும். அதுக்கு இந்த அச்சு வைச்சதுதான் வேணும். இல்லாட்டி வாய் வெடிச்சு ஒழுகும்."

கிறகோரி அச்சு வைத்ததையே எடுத்தார். மகள் ஏறப்போகிற கார். அந்த இடத்தில் அவர் கஞ்சத்தனம் பார்க்கிற மனிதர் அல்ல.

முற்றத்தில் வேலை தொடங்கியது. றெஜினா பக்கத்தில் இருந்து மீன் வெட்டினாள். கிறகோரி பைப்பை அளந்து வெட்டினார், அரத்தால் தேய்த்தார், பிடியில் இறுக்கினார், அச்சை வைத்து அமத்தினார், கூம்பை முறுக்கினார். வாய் அழகாக மடிந்து விரிந்தது. மறுமுனையும் அப்படியே.

"என்ன வடிவு, பாத்தீரே?"

"ஓம், நல்ல வடிவு."

பூட்டப் போனபோதுதான் கண்டார். பைப்பைக் காரோடு பிடிக்கிற நட்டு இரண்டும் நிலத்தில் கிடந்தன. வாயை விரிக்குமுன் கோர்த்திருக்க வேண்டும். இனி எந்தப் பக்கத்தாலும் ஏறாது.

ஒரு வாயை வெட்டி எறிந்தார். றெஜினா மீன்கையைக் கழுவிக்கொண்டு வந்து நட்டுகளைப் பொறுக்கி, "இந்தமுறை மறக்காதேங்கோ" என்று ஒவ்வொன்றாகக் கையில் வைத்தாள். வைத்த வாக்கிலேயே அவர் கோர்த்தார். மீண்டும் விரித்தார். இரண்டாவது நட்டு மறுவளமாக, புரிப்பக்கம் உள்நோக்கித் திரும்பி இருந்தது. திரும்ப வெட்டினார். இப்போது பைப் சில்லுக்கு இரண்டு அங்குலம் எட்டவில்லை.

கடைக்குப் போன் எடுத்தார். "பைப் முடிஞ்சுது அண்ணை, திங்கட்கிழமைதான் வரும். சிமியோன்ரை கராஜிலை கேட்டுப் பாருங்கோ."

சபதமா, மகளா என்று ஐந்து நிமிடம் முற்றத்தில் நடந்தார். பிறகு சட்டையை மாட்டினார். வாசலில் றெஜினா ஒரு பையோடு நின்றாள். உள்ளே கலியாண அழைப்பும் ஒரு பெட்டி கேக்கும் இருந்தன.

"வெறுங்கையோடை போகாதேங்கோ."

சிமியோன் அழைப்பிதழை வாசித்துவிட்டு எண்ணெய்க் கையாலேயே கண்ணைத் துடைத்தார். எட்டு மாதத்தை வீணாக்கிவிட்டோமே என்று கிறகோரிக்கு வெட்கமாகிவிட்டது. இருவரும் ஒரே மோட்டார் சைக்கிளில் வீட்டுக்கு வந்தார்கள். அரை மணியில் பைப் பூட்டியாயிற்று.

"நட்டுக் கோக்க எனக்கு இப்ப நல்ல ஆள் இல்லை மச்சான்," என்றார் சிமியோன். "சின்னனிலை றெஜினாதான் கோத்துத் தாறவள். ஒருநாளும் பிழைக்காது."

அவர் போனபின் கிறகோரி குசினிக்குள் போனார்.

"உமக்கு நட்டுக் கோக்கத் தெரியுமே?"

"ஓம்."

"பிறகேன் நான் மறக்கேக்கை சொல்லேல்லை?"

றெஜினா தேத்தண்ணியை நீட்டினாள்.

"முதல்தரம் நீங்களாத்தான் மறந்தியள். ரெண்டாந்தரம் மறுவளமாக் கையிலை தந்தது நான்."