சம்பந்தி காலில் என் செருப்பு

மதிப்புக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். உங்கள் மாமியாருக்கு முட்டிவலி இருக்கிறது, அதுவும் இப்போது சுகத்தில்தான் சேர்த்தி. நீங்களும் என் மகளும் நலமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். நினைத்துத்தான் கொள்ள வேண்டும், ஃபோன் செய்தால் நீங்கள் எடுப்பதில்லை. விஷயம் உங்கள் அப்பாவைப் பற்றியது. ஆகவே உட்கார்ந்துகொண்டு படிக்கவும்.

மூன்று வருடம் முன்பு விடுமுறைக்கு வந்தபோது எனக்கும் சம்பந்திக்கும் ஆளுக்கு ஒரு ஜோடி பட்டைச் செருப்பு வாங்கிவந்தீர்கள். ஒரே நிறம், ஒரே மாதிரி. மலைப்பாதைக்கும் ஆகும், கடைத்தெருவுக்கும் ஆகும், தண்ணீரில் இறங்கினாலும் கெடாது என்றீர்கள். அப்போதே எனக்குச் சந்தேகம் தட்டியது. காலமெல்லாம் நீரேற்று நிலையத்தில் மோட்டாரோடு மல்லுக்கட்டியவன் நான். எல்லா நட்டுக்கும் பொருந்தும் என்று விற்கிற ஸ்பேனர் ஒரு நட்டையும் கழற்றாது, தலையை மட்டும் மழுங்கடிக்கும். ஆனாலும், பார்த்துவிடுவோம் என்று போட்டேன். குன்றின் கருங்கல் சரிவில் ஏறினேன், ஓடையில் இறங்கினேன், அதே காலோடு வங்கிக்குப் போனேன், பல் வைத்தியரிடம் போனேன், ஒரு பெரியவரின் இறுதி ஊர்வலத்துக்கும் போனேன். ஒரு தையல் விடவில்லை. ஒட்டுப்பட்டையில் புல்லும் நூலும் ஏறிக்கொண்டால் ஊசியால் கிளறி எடுப்பேன், மறுபடி கப்பென்று ஒட்டும். கெட்டுப்போகாத சாமானைக் கண்டால் எனக்கு நம்பிக்கை வருவதில்லை. இது இப்படி உழைக்கிறது என்றால் எங்கேயோ யாரோ ஒருவர் தேய்ந்துகொண்டிருக்க வேண்டும் என்று உங்கள் மாமியாரிடம் சொன்னேன். "அது நான்தான்" என்றாள்.

வினை தொடங்கியது போன மாதம், கண் வைத்தியரின் வாசலில். நானும் சம்பந்தியும் ஒன்றாகத்தான் போனோம். செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே போக வேண்டும். இருவர் கண்ணிலும் சொட்டு மருந்து விட்டு உட்காரவைத்தார்கள். சம்பந்தியை முதலில் அனுப்பிவிட்டார்கள். வெளியே நிற்பதாகவும் நான் மெதுவாக வந்தால் போதும் என்றும் சொல்லிவிட்டுப் போனார். செருப்பு கிடக்கிற இடத்தில் ஒரு மனிதனுக்கு என்ன நிற்பு? நான் வரும்போது எனக்கு எல்லாம் புகைமூட்டம். காலில் தட்டுப்பட்டதை மாட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன். மறுநாள் காலையில் கண் தெளிந்ததும் செருப்பைத் திருப்பிப் பார்த்தால், குதிகாலின் வெளியோரம் வழவழவென்று தேய்ந்து அடியில் இருக்கிற பிடிப்புப் பள்ளமெல்லாம் காணாமல் போயிருந்தது. அதற்கு முன்னால் நான் ஒருநாளும் திருப்பிப் பார்த்ததில்லைதான். அதனால் என்ன? தேய்த்து நடக்கிறவன் நானில்லை. உங்கள் அப்பா நடந்தால் சத்தமே கேட்காது. அப்படி நடக்கிறவர்களிடம்தான் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

அன்றைக்கே, நாங்கள் தினமும் காலையில் சேர்ந்து நடக்கிற குன்றின் அடிவாரத்தில் அவரைப் பிடித்தேன். காலைத் தூக்கிக் காட்டச் சொன்னேன். என் தோளைப் பிடித்துக்கொண்டு காட்டினார். அடிப்பள்ளமெல்லாம் நேற்றுக் கடையிலிருந்து வந்ததுபோல் பளிச்சென்று இருந்தது. பாதைக் காவலாளி, நடக்க வந்தவர்கள், ஒரு நாய், எல்லோரும் நின்றுவிட்டார்கள்.

"சம்பந்தி, நீங்க போட்டிருக்கிறது என்னுது. கண் டாக்டர் வாசல்ல மாத்திட்டீங்க."

அவர் தன் காலைப் பார்த்தார், பிறகு சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். "அப்படியா? சரி, கழட்டுங்க. மாத்திக்குவோம்" என்றார்.

குற்றம் செய்யாதவன் இப்படிப் பேசுவானா, மாப்பிள்ளை? நாலு வார்த்தை எதிர்த்திருக்க வேண்டாமா? நானாக இருந்தால் அந்த மலையே அதிர்ந்திருக்கும். ஒரு பாறையில் உட்கார்ந்து இருவரும் மாற்றிக்கொண்டோம். என் விரல்களுக்குக் கால் நீட்டிப் படுக்கிற அளவுக்கு இடம் கிடைத்தது, என் செருப்பு என்பது அதிலேயே ருசுவாகிவிட்டது. பட்டையை இறுக்கிக்கொண்டு ஏறினேன். பாதியில் ஏதோ சொல்லத் திரும்பினால் பின்னால் ஆள் இல்லை.

அன்றிலிருந்து வரவில்லை. ஃபோன் செய்தால் கொஞ்சம் வேலை இருக்கிறது என்கிறார். ஓய்வு பெற்ற மனிதருக்கு விடியற்காலையில் என்ன வேலை? வேறு ஆள் பிடித்துவிட்டார் என்று நினைக்கிறேன். உச்சியில் இருக்கிற கல் பெஞ்சில் நான் ஒண்டியாக உட்கார்ந்து இறங்குகிறேன். பேச ஆளில்லாமல் காவலாளியிடம் மோட்டார் எரிந்த கதையை எடுத்தேன், அவன் விசிலை ஊதிக்கொண்டு போய்விட்டான். உங்கள் அப்பா அந்தக் கதையை எத்தனை தடவை சொன்னாலும் கேட்பார். ஆகவே மகன் என்ற முறையில் அவரிடம் பேசி, செய்ததை ஒப்புக்கொண்டு பழையபடி நடக்க வரச்சொல்லவும். நான் மன்னிக்கத் தயாராக இருக்கிறேன். அவர் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

உங்கள் இருவருக்கும் கைகாலில் ஒரு குறையும் வராமல், நினைத்தது நடந்து, நீண்டகாலம் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
யாரிடமும் ஏமாறாத உங்கள் மாமனார்.

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் உங்கள் மாமியார் இதைப் படித்துவிட்டாள். நேரே வாசலுக்குப் போய்ச் செருப்பை எடுத்துவந்து பட்டையின் உள்பக்கம் இருந்த எண்ணைக் காட்டினாள். ஒன்பது.

"உங்களுது எட்டு. அவருக்குக் கால் வீங்கும், அதனால பெருசு அப்பாவுக்குன்னு மாப்பிள்ளை குடுக்கும்போதே சொன்னாரு. நீங்க ரேடியோவைத் திருகிட்டிருந்தீங்க. தேச்சு நடக்கிறதும் நீங்கதான். கல்யாணமான நாள்லேர்ந்து அந்தச் சத்தத்தைக் கேக்கிறேன்."

அப்படியானால் கண் வைத்தியரின் வாசலில் யாரும் எதையும் மாற்றவில்லை. அன்று குன்றடியிலிருந்து, வீங்கின காலை என் எட்டுக்குள் திணித்துக்கொண்டு அந்த மனிதர் வீடுவரை நடந்திருக்கிறார். தன்னுடையது எது என்று அவருக்குத் தெரியாமலா இருக்கும்? தெரிந்தும் ஏன் வாயைத் திறக்கவில்லை? அத்தனை பேர் முன்னால் என் மானத்தைக் காப்பாற்றச் சொல்லி நான் கேட்டேனா? இதையெல்லாம் தபாலில் விசாரிக்க முடியாது, நேரிலேயே போகிறேன். அவருடைய ஜோடியைத் துடைத்துப் பையில் வைத்தாயிற்று. தெரிந்தே அடுத்தவர் செருப்பைப் போட்டுக்கொண்டு போகிறவன் நானில்லை, என்னுடையதோ அவர் வீட்டில். வெறுங்காலோடு கிளம்புகிறேன். வழியில் முள் தைத்தால் அதற்கு நீங்கள்தான் பொறுப்பு. இரண்டையும் ஒரே நிறத்தில் வாங்கியது நானா?