பூவம் தாண்டியதும் பிடிபட்ட கடுங்காப்பி

சிக்கனமாக இருப்பதற்குக் கொஞ்சம் மூளை வேண்டும். அது இல்லாதவன் தாராளமாகச் செலவழித்துவிட்டுப் போவதே நல்லது. இதை நான் தெரிந்துகொண்டபோது ஒரு பஸ் நிறைய ஜனங்கள் என்னை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போது பொறையாறில் ஓர் அரிசி ஆலையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். வீடு காரைக்காலில். ஆலைக்கு எதிரே ஒரு காப்பிக் கடை. காலையிலும் மாலையிலும் எல்லோரும் கும்பலாகப் போவோம். காப்பியோடு நின்றால் பரவாயில்லை. (அந்தக் கடை மெதுவடை கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து பெயர் சொல்லிக் கூப்பிடும்.) என் சம்பளத்தில் பாதி கடைக்காரர் மகளுக்கு நகையாகிக்கொண்டிருந்தது. எனக்கோ பெண் பார்த்து முடித்திருந்தார்கள். இனிமேல் கடை வாசலை மிதிப்பதில்லை, வீட்டிலிருந்தே கடுங்காப்பி கொண்டுபோவது என்று சபதம் எடுத்தேன்.

பிளாஸ்க் வாங்கலாம். ஆனால் சிக்கனம் பிடிக்கப் பிளாஸ்க் வாங்கினால் அதுவே செலவு அல்லவா? பழைய பாட்டில் வியாபாரியிடம் தட்டையாக, கைக்கு அடக்கமாக ஒன்று வாங்கிவந்தேன். பிராந்தி பாட்டில். காரைக்காலில் அது வேலியோரமெல்லாம் கிடக்கிற சாமான். எனக்கு ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை. அம்மாவுக்குத் தெரிந்தது.

"இதுலயாடா காப்பி ஊத்தணும்? வாடை குமட்டுதே!"

"கழுவிட்டேம்மா. சூடா ஊத்தினா போயிடும்."

போகவில்லை.

மறுநாள் காலை பஸ்ஸில் ஏறினால், ஜன்னலோரத்தில் என் வருங்கால மாமனார் வைத்தியலிங்கம் உட்கார்ந்திருக்கிறார். பொறையாறுக்காரர். அந்தக் காலத்தில் தமிழ்நாட்டில் மதுவிலக்கு, காரைக்காலில் கிடையாது. அதனால் காரைக்கால் மாப்பிள்ளை என்றாலே அந்தப் பக்கத்துப் பெண்வீட்டாருக்கு ஒரே பயம்தான். அதை விசாரிக்கத்தான் முதல் நாள் வந்து, உறவினர் வீட்டில் தங்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார்.

"உங்க தெருவுல கேட்டேன் தம்பி. தங்கமான புள்ளைங்கிறாங்க. நமக்கு வேற ஒண்ணும் வேணாம், அந்தப் பழக்கம் மட்டும் இருக்கக்கூடாது."

"சேச்சே! அதைக் கண்ணால பார்த்தது கூட இல்லீங்க மாமா."

பூவம் தாண்டியதும் தமிழ்நாட்டுப் பக்கம் சோதனைச்சாவடி. ஏட்டு ஒருவர் ஏறி ஒவ்வொரு பையாகத் துழாவிக்கொண்டு வந்தார். என் பையிலிருந்து கையை எடுத்தபோது கையில் பாட்டில் இருந்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். காலை வெயிலில் என் காப்பி தகதகவென்று மின்னியது.

"யாருது இது?"

நான் எழுந்துவிட்டேன். "கா... காப்பிங்க."

"எறங்கு."

கீழே நிறுத்தி, மூடியைத் திறந்து முகர்ந்தார். அவர் முகத்தில் குழப்பம். "காப்பி வாசனையும் வருது, அதுவும் வருது. ரெண்டையும் கலந்து கடத்துறியா? புதுசா இருக்கே!"

"வேணும்னா குடிச்சுப் பாருங்க சார்."

"டூட்டியில இருக்கிறவனையே குடிக்கச் சொல்றியா?"

(குற்றம் இரண்டாகிவிட்டது.)

பஸ்ஸுக்குள்ளிருந்து மீன்காரம்மா ஒருத்தி கத்தினாள். "ஐயா, அந்தக் குடிகாரனை வச்சுக்கிட்டு பஸ்ஸை விடுங்க. மீனு கெடுது!"

என் கல்யாணம் முடிந்தது என்று நினைத்தேன். அப்போதுதான் வைத்தியலிங்கம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி வந்தார். "குடுங்க இப்படி" என்று பாட்டிலை வாங்கினார். கண்ணை மூடி ஒரு தடவை முகர்ந்தார். உள்ளங்கையில் ரெண்டு சொட்டு விட்டு நாக்கில் தொட்டுக்கொண்டார்.

"ஏட்டையா, உள்ள இருக்கிறது வெறும் கடுங்காப்பி. வாசனை பாட்டிலோடது, சரியாக் கழுவலை. லேபிள்தான் பிராந்தி. இதுல கடைசியா இருந்தது ரம்மு. அதுவும் மட்டமான சரக்கு."

ஏட்டு என்னை விட்டுவிட்டு அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"பெரியவருக்கு ரொம்பப் பழக்கமோ?"

மாமனாரின் முகம் போன போக்கை நான் பார்க்கவில்லை. என் முகத்தை எங்கே வைப்பது என்பதே எனக்குப் பெரும்பாடாக இருந்தது. காப்பியைத் தரையில் கொட்டிவிட்டு, பாட்டிலையும் வாங்கி வைத்துக்கொண்டு, எங்களை அனுப்பிவிட்டார் ஏட்டு.

பொறையாறில் இறங்கும்போது மாமனார் என் காதருகே வந்தார்.

"தம்பி, இந்த விஷயம் வீட்டுக்குத் தெரிய வேணாம்."

"எந்த விஷயம் மாமா?"

"ரெண்டுந்தான்."

ஆனால் அந்த மீன்காரம்மா வாடிக்கையாக மீன் கொடுப்பது அவர் தெருவில். மத்தியானக் குழம்பு கொதிப்பதற்குள் மாமியாருக்கு முழுக்கதையும் தெரிந்துவிட்டது. என்மேல் அவருக்கு ஒரு வருத்தமும் இல்லை. "காப்பிக்கே கணக்குப் பாக்குற புள்ளை, குடிச்சா அழிக்கப்போவுது?" என்றாராம். விசாரணையெல்லாம் மாமனாருக்குத்தான். காரைக்காலுக்கு இனி அவர் தனியாகப் போகக்கூடாது, போனால் மாப்பிள்ளை கூடவே இருக்க வேண்டும் என்று தீர்ப்பானது. அதன்பின் அவர் வந்தபோதெல்லாம், திரும்பும் பஸ் வரும்வரை காரைக்காலிலேயே ஒரு காப்பிக் கடையில் அவரை உட்காரவைத்துக் காவல் காத்தேன். அவர் வடையும் சாப்பிடுவார். காசு கொடுப்பது மாப்பிள்ளை.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் பால் திரிந்துவிட்டதா என்று யாராவது முகர்ந்து பார்த்தால் போதும். என் மனைவி அடுப்படியிலிருந்தே சொல்வாள்:

"எங்கப்பா இருந்திருந்தா, மாடு என்ன நிறம்னே சொல்லியிருப்பாரு."